கழிப்பதும் திருத்துவதும்: ஒரு சிறு பழுது எழுப்பும் அறவினா

அறவியல் பற்றிய ஆராய்ச்சிகள் பெரும்பாலும் பெரிய நிகழ்வுகளையே எடுத்துக்காட்டாகக் கொள்வது மரபு. போர், கொலை, துறவு, வாக்குத் தவறாமை, அரச நீதி ஆகியன பற்றிய வினாக்களே அங்கு முதலிடம் பெறுகின்றன. ஆயின் மனிதர் தம் வாழ்நாளில் எடுக்கும் முடிவுகளுள் மிகப் பெரும்பாலானவை இத்தகையன அல்ல. அடுக்களையிலும் முற்றத்திலும் வேலைத்தளத்திலும் அன்றாடம் எடுக்கப்படும் சிறு முடிவுகளே அவர்தம் குணத்தை உருவாக்குகின்றன. பழுதடைந்த ஒரு பொருளைக் கழித்துவிடுவதா, திருத்திப் பாவிப்பதா என்பது அத்தகைய முடிவுகளுள் ஒன்று. அது பணக்கணக்கைச் சார்ந்தது மட்டுமே என்பது பொதுவான எண்ணம். இவ்வெண்ணம் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை மிகச் சாதாரணமான ஒரு பழுதைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்டி நகரிலிருந்து தலாத்துஓயா வழியாகத் தென்கிழக்கு நோக்கி ஏறிச்செல்லும் வீதி ஹேவாஹெட்ட மலைப்பகுதியை அடைகின்றது. தேயிலைச் சரிவுகளும் மரக்கறித் தோட்டங்களும் நிறைந்த அப்பகுதியில் வீடுகள் பல மேட்டிலும், கிணறுகளும் ஊற்றுகளும் பள்ளத்திலும் அமைந்திருத்தல் இயல்பு. நீரை மேலே கொண்டுவருவது முற்காலத்தில் பெண்களின் இடுப்பும் தலையுமாக இருந்தது. பிற்காலத்தில் மின்சாரம் வந்த வீடுகளில் சிறிய நீர்ப்பம்பி அவ்வேலையை ஏற்றுக்கொண்டது. அத்தகைய வீடொன்றில் ஒரு காலை பம்பி இயங்கவில்லை எனக் கொள்வோம். ஆளியைப் போட்டால் 'ம்' என்ற முனகல் மட்டும் கேட்கின்றது, அச்சு சுழலவில்லை, சிறிது நேரத்தில் மோட்டர் சுடுகின்றது. வீட்டிலே இரு கருத்துகள் எழுகின்றன. புதியதொன்றை வாங்கிவிடலாம் என்கின்றார் ஒருவர். திறந்து பார்க்கவேண்டும் என்கின்றார் மற்றவர். இவ்விருவர் கூற்றுகளுக்கும் இடையிலேதான் எமது வினா பிறக்கின்றது.

பழுதின் இயல்பு

வீடுகளுக்கு வழங்கப்படுவது தனியவத்தை ஆடலோட்டமாகும். இலங்கையில் அதன் அழுத்தம் 230 உவோற்று. இவ்வோட்டம் ஒரு சுருளினூடே பாயும்போது தோன்றும் காந்தப்புலம் ஒரே கோட்டில் முன்னும் பின்னுமாக ஆடுமேயன்றிச் சுழலாது. ஆதலால் நின்றுகொண்டிருக்கும் சுழலிக்கு எத்திசையில் திரும்புவது என்பதே தெரிவதில்லை. இக்குறையை நீக்குதற்கு மோட்டரில் இரண்டாவது சுருளொன்றும், அதனோடு தொடராக ஒரு கொள்ளளவியும் இணைக்கப்படுகின்றன. வேலைத்தளங்களில் 'கொண்டென்சர்' என்று வழங்கப்படுவது இதுவே. இது இரண்டாவது சுருளின் ஓட்டத்தை முதற் சுருளின் ஓட்டத்தினின்றும் ஏறத்தாழக் காற்சுற்று முந்தச் செய்கின்றது. இரு புலங்களும் சேர்ந்து சுழலும் புலமொன்றைத் தோற்றுவிக்க, சுழலி அதனைப் பின்தொடர்கின்றது.

விரலளவோ கைப்பிடியளவோ உள்ள இவ்வுறுப்புத் தளர்ந்தால், இரும்பும் செம்பும் பழுதின்றி இருந்தும் முழுப் பொறியும் செயலற்றுப் போகின்றது. இன்றைய கொள்ளளவிகள் பலவற்றுள் மெல்லிய பிளாத்திக்குத் தாளின்மேல் அதனினும் மெல்லிய உலோகப் பூச்சு இடப்பட்டிருக்கும். தாளில் எங்கேனும் துளை விழுந்தால் அவ்விடத்துப் பூச்சு ஆவியாகிப் பழுதைத் தனிமைப்படுத்திவிடும். தன்னைத்தானே குணப்படுத்திக்கொள்ளும் தன்மை என இதனைப் பொறியியலார் குறிப்பிடுவர். ஆயினும் ஒவ்வொரு முறை குணமாகும்போதும் பரப்பில் சிறிது இழக்கப்படுகின்றது. ஆண்டுகள் செல்லச்செல்லக் கொள்ளளவு குறைந்து, ஒருநாள் சுழலியைத் தொடக்கிவிடும் வலு இல்லாமற் போகின்றது. வெளியே தெரியாமல் தேய்ந்துகொண்டே கடமை புரிந்த ஓர் உறுப்பின் முடிவு இது.

இதே உறுப்பு, இதே பழுதுடன், உலகின் மறுமுனையிலும் காணப்படுகின்றது. ஐரோப்பாவின் குளிர்நாடுகளில் பல வீடுகள் சுடுநீரைக் குழாய்களினூடே சுற்றவிட்டு வெப்பமூட்டப்படுகின்றன. அந்நீரைச் சுற்றச்செய்யும் சிறு பம்பியின் பழைய வகைகளுள் 2 முதல் 5 மைக்குரோபரட் வரையான கொள்ளளவியொன்று இருக்கும். அது தளர்ந்தால் கொதிகலன் எரிந்துகொண்டிருக்க, அறைகள் குளிர்ந்துபோகும். யேர்மனியிலோ இங்கிலாந்திலோ குடியேறி வாழும் தமிழ்க் குடும்பமொன்று மாரிகால இரவொன்றில் எதிர்கொள்ளும் வினாவும், ஹேவாஹெட்டவில் வெறும் வாளியுடன் நிற்கும் குடும்பம் எதிர்கொள்ளும் வினாவும் வடிவத்தில் ஒன்றே. விடையும் ஒன்றாக இருத்தல் வேண்டுமா என்பது பின்னர் நோக்கப்படும்.

காரணமறிதல்

மருந்து பற்றிய அதிகாரத்தில் வள்ளுவர், நோயை அறிவதோடு அமையாது அதன் காரணத்தையும் தணிக்கும் வழியையும் அறிந்த பின்னரே மருத்துவன் செயற்படல் வேண்டும் எனக் கொண்டார். இம்முறை பொறிகளுக்கும் பொருந்தும். முனகியும் சுழலாத மோட்டருக்குக் குறைந்தது இரு காரணங்கள் இருத்தல் கூடும். நெடுநாள் நின்றதனால் துருவோ சுண்ணப்படிவோ பற்றி அச்சு இறுகியிருக்கலாம். அல்லது கொள்ளளவி தளர்ந்திருக்கலாம். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். மின்னைத் துண்டித்துவிட்டு அச்சைத் திருப்பிப் பார்த்தால் அது இறுகியிருக்கின்றதா, தடையின்றித் திரும்புகின்றதா என்பது தெரியவரும். தடையின்றித் திரும்பும் அச்சு தானாகத் தொடங்க மறுக்குமாயின் ஐயம் கொள்ளளவியின்மேற் செல்லும். கொள்ளளவை அளக்கும் வசதியுள்ள பல்மானியைக் கொண்டு அளந்து, உறையின்மேல் அச்சிடப்பட்ட அளவோடு ஒப்பிட்டால் ஐயம் தீரும். மின்னைத் துண்டித்த பின்னரும் கொள்ளளவி தன்னுள் ஏற்றத்தைத் தேக்கி வைத்திருக்கக்கூடும் என்பதால், அதனைத் தடையொன்றினூடே வெளியேற்றிய பின்னரே தொடுதல் வேண்டும். அவசரக்காரனை அது தண்டிக்கும்.

இங்கு முக்கியமானதோர் உண்மை புலனாகின்றது. 'இது பழுதாகிவிட்டது' என்ற வாக்கியம் உண்மையில் அறிவு எதனையும் தருவதில்லை. எது பழுது, எது பழுதன்று என்று பிரித்துக் கூறும்போதே அறிவு தொடங்குகின்றது. ஓர் உறுப்பின் குறையை முழுமையின் குறையாகக் கொள்வது தருக்கத்தில் வழு, நடைமுறையில் வீண்செலவு, மனிதர் தொடர்பில் அதுவே அநீதியாகவும் மாறிவிடுகின்றது. பரீட்சையொன்றில் தவறிய மாணவனை 'உதவாதவன்' என்று ஒதுக்கும் ஆசிரியனும், முனகும் பம்பியைக் குப்பையிற் போடும் வீட்டுக்காரனும் செய்யும் தவறு ஓரினத்ததே. முன்னையது கொடியது, பின்னையது அற்பமானது. ஆயினும் பின்னையதில் பயிலும் மனம் முன்னையதிலும் அவ்வாறே நடக்கக் கற்றுக்கொள்கின்றது.

கழிப்போர் கூற்று

திருத்துதலே அறம் என்று இத்துடன் முடித்துவிடுதல் எளிது. ஆயின் கழிப்போர் பக்கத்தும் நியாயங்கள் உள்ளன. அவற்றை நேர்மையாக எடைபோடாத அறவாராய்ச்சி வெறும் உபதேசமாகிவிடும்.

முதலாவது, ஆற்றல் பற்றிய வாதமாகும். ஐரோப்பிய ஒன்றியம் 2009ஆம் ஆண்டின் 641ஆம் இலக்க ஒழுங்குவிதி மூலம் சுற்றோட்டப் பம்பிகளுக்குத் திறன் எல்லைகளை விதித்தது. 2013 சனவரி முதல் அவை நடைமுறைக்கு வந்தன. பழைய பம்பி 60 உவாற்றுக் கொள்ளும் இடத்தில் புதியது 20 உவாற்றோடு அமையும் எனவும், இரண்டும் ஆண்டில் 5,000 மணி நேரம் ஓடும் எனவும் கொண்டால், முன்னையது 300 அலகும் பின்னையது 100 அலகும் மின்சாரம் கொள்ளும். ஆண்டுதோறும் 200 அலகை விரயமாக்கும் பம்பியைச் சிறு செலவில் உயிர்ப்பித்து மேலும் பத்தாண்டு ஓடவிடுதல் சிக்கனம் ஆகுமா என்ற வினா நியாயமானது. ஹேவாஹெட்ட வீட்டின் நிலை வேறு. அங்கு 370 உவாற்றுப் பம்பி நாளொன்றுக்கு அரை மணி நேரமே ஓடுகின்றது எனின், அதன் ஆண்டுச் செலவு ஏறத்தாழ 68 அலகு. புதியது பத்திலொரு பங்கு மீதப்படுத்தினும் இலாபம் ஏழு அலகுக்கு உட்பட்டதே. அச்சிறு இலாபத்துக்காக நல்ல இரும்பையும் செம்பையும் கழித்தல் பொருந்தாது. ஒரே பழுது, ஒரே உறுப்பு. ஆயினும் இடமும் பயனும் மாறும்போது சரியான செயலும் மாறக்கூடும். அறத்தின் அடிப்படை மாறவில்லை. அது பொருந்தும் சூழலே மாறியுள்ளது.

இரண்டாவது, பாதுகாப்புப் பற்றியது. நீரும் மின்சாரமும் ஒருங்கே உள்ள இடத்தில் அறியாதவன் கைவைத்தல் உயிருக்கு ஆபத்து. சுருள் கருகிக் காவலி சிதைந்த மோட்டரை ஒட்டுப்போட்டு ஓட்டுதல் சிக்கனமும் அன்று, அறமும் அன்று. திருத்தத் தகாததைத் திருத்தாதிருத்தலும் திருத்துவோன் அறிவின் ஒரு பகுதியே.

மூன்றாவது, வறுமை பற்றியது. திருத்துதலைப் போற்றுவோர் பலர், வேறு வழியற்றவர் செய்யும் காரியத்தை நற்பண்பாக ஏற்றிப் போற்றுகின்றனர். 1970 முதல் 1977 வரை இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்தபோது உதிரிப்பாகம் கிடைப்பதே அரிதாயிற்று. பழைய பொறிகளை ஓடவைக்கும் கைவன்மை வேலைத்தளங்களில் வளர்ந்தது. 1977இன் பின் சந்தை திறக்கப்பட, புதிய பொருள்கள் குவிந்தன. மீண்டும் 2020இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வந்தன. 2022 ஏப்பிரிலில் நாடு வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை நிறுத்தியபோது, கழித்தவற்றை மீளத் தேடும் நிலை ஏற்பட்டது. இவ்வாறு தட்டுப்பாடு வந்தால் திருத்துவதும், அது நீங்கினால் கழிப்பதும் நிர்ப்பந்தத்துக்குப் பணிதலேயன்றி ஒழுக்கம் ஆகாது. புதியதை வாங்க இயன்றவிடத்தும் ஆராய்ந்து திருத்துபவனிடமே அது ஒழுக்கமாகின்றது.

பொருளில் உறையும் உழைப்பு

பொருள்மீது மனிதனுக்குக் கடமை உண்டா? உயிரற்ற பம்பிக்கு உரிமை எதுவும் இல்லை என்பது தெளிவு. ஆயின் அதன் இரும்பு ஒரு நாட்டுச் சுரங்கத்திலிருந்தும் செம்பு வேறொரு நாட்டுச் சுரங்கத்திலிருந்தும் வந்திருக்கக்கூடும். எங்கேயோ ஒரு தொழிற்சாலையில் எவரோ அச்சுருளைச் சுற்றியுள்ளார். பெறுமதி என்பது பொருளின் பயன்பாட்டையும் அது சந்தையில் மாற்றப்படும் அளவையும் சார்ந்து இருவகைப்படும் எனப் பொருளியலார் கூறுவர். பழுதடைந்த கணத்தில் பம்பியின் சந்தைப் பெறுமதி ஏறத்தாழ இல்லாதொழிகின்றது; பயன்பாட்டுப் பெறுமதியோ சிறியதோர் உறுப்பின் தொலைவிலேயே காத்திருக்கின்றது. சந்தையின் கண்கொண்டு மட்டும் பொருளைப் பார்ப்பவனுக்கு இத்தொலைவு தெரிவதில்லை.

கண்டிப் பிரதேசத்துப் பௌத்த மக்களுக்கு அறிமுகமான விநயபிடகத்தில் ஒரு நிகழ்ச்சி கூறப்படுகின்றது. உதேன மன்னனின் அந்தப்புரப் பெண்கள் ஆனந்த தேரருக்கு ஐந்நூறு சீவரங்களை வழங்கினர். இவ்வளவையும் என்ன செய்வீர் என மன்னன் வினவினான். சீவரம் நைந்த துறவியருக்குப் பகிர்ந்தளிப்போம் என்றார் தேரர். நைந்தவற்றை என்ன செய்வீர் என அவன் தொடர்ந்து கேட்க, அவை விரிப்பாகும், பின்னர் கால்துடைப்பாகும், பின்னர் தூசு துடைக்கும் துணியாகும், இறுதியில் மண்ணோடு பிசைந்து தரையிற் பூசப்படும் என ஒவ்வொரு படியாக அவர் விடையிறுத்தார். மன்னன் ஐயம் நீங்கி மேலும் ஐந்நூறு வழங்கினான். சீவரம் துறவிக்குச் சொந்தமான செல்வம் அன்று. பிறர் உழைப்பின் கொடை. கொடையாக வந்ததை இறுதி இழைவரை பயன்படுத்துதல் கொடுத்தவர்க்குச் செலுத்தும் மரியாதை என்பதே இந்நிகழ்ச்சியின் உட்பொருள் எனலாம். விலைகொடுத்து வாங்கிய பொருளிலும் விலையில் அடங்காத பிறர் உழைப்பு உண்டு என்பதை ஒப்புக்கொண்டால், அதே மரியாதை பம்பிக்கும் உரியதாகும்.

திருத்துவோன் கடன்

பாவிப்போனுக்கு இக்கடமை உண்டெனில், திருத்துவோனுக்கு அதனினும் பெரிய கடமை உண்டு. வீட்டுக்காரர் அறியாததை அவன் அறிவான். அவ்வறிவின்மையே அவனுக்குச் சோதனை. சில நிமிடங்களில் மாற்றக்கூடிய கொள்ளளவிதான் பழுது என்று கண்ட பின்னரும், 'மோட்டர் கருகிவிட்டது, சுருள் சுற்றவேண்டும்' என்று அவன் கூறினால் மறுத்துரைக்க அவ்வீட்டில் எவரும் இல்லை. பொய் சொல்ல இவ்வளவு வசதியுள்ள இடத்தில் உண்மை கூறுதலே தொழிலறம்.

உண்மை கூறுதல் சொல்லோடு முடிவதும் இல்லை. 10 மைக்குரோபரட் இருந்த இடத்தில் கைக்கெட்டிய 20 மைக்குரோபரட்டைப் பொருத்தினாலும் மோட்டர் ஓடத்தான் செய்யும். ஆயின் இரண்டாவது சுருளில் மிகையான ஓட்டம் பாய்ந்து அது காலப்போக்கில் கருகும். வழங்கல் 230 உவோற்றேயாயினும் ஓடும் மோட்டரில் கொள்ளளவியின் குறுக்கே அதனினும் கூடிய அழுத்தம் தோன்றும். 400 அல்லது 450 உவோற்று எனப் பொறிக்கப்பட்டதை வேண்டுதல் அதனாலேயே. குறைந்ததை இட்டால் அது விரைவில் அழியும். இவ்விரு தவறுகளும் அன்றைய பொழுதில் வெளிப்படுவதில்லை. கூலி பெற்று ஆறு மாதம் சென்ற பின்னர் வெளிப்படும் பொய் அது. நல்ல திருத்தம் எனப்படுவது, எவரும் சோதித்துப் பாராத இடத்திலும் சரியான அளவை இடுவதாகும்.

உரிமையும் கடமையும்

கடமை உண்டெனின் அதனை நிறைவேற்றும் உரிமையும் வேண்டும். திறக்க முடியாதவாறு ஒட்டப்பட்ட உறை, தனியே விற்கப்படாத உறுப்பு, வெளியிடப்படாத வரைபடம் ஆகியன இவ்வுரிமையைப் பறிக்கின்றன. 1924இல் மின்குமிழ் உற்பத்தியாளர் பலர் கூட்டுச் சேர்ந்து குமிழின் ஆயுளை 1,000 மணி நேரத்துக்கு மட்டுப்படுத்திய வரலாறு அறியப்பட்டதே. 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் சலவை இயந்திரம், குளிரூட்டி முதலிய சில பொருள்களைத் திருத்துவிக்கும் உரிமை பற்றிய பணிப்புரையொன்றை நிறைவேற்றியமை, இவ்வினா இன்று சட்டத்தின் வாயிலையும் அடைந்துவிட்டது என்பதைக் காட்டுகின்றது.

ஆயினும் ஹேவாஹெட்டவில் நின்று இவ்வுரிமையைப் பற்றிச் சிந்திப்போர் பம்பியோடு நின்றுவிட முடியாது. அப்பகுதியை அடுத்த லூல்கந்துர தோட்டத்திலேதான் 1867இல் யேம்சு ரெயிலர் 19 ஏக்கரில் தேயிலையை நட்டார். பங்களா விறாந்தையில் மேசைமேல் கையால் கொழுந்தை உருட்டித் தொடங்கிய அத்தொழில், 1872 அளவில் உருட்டு இயந்திரத்தைக் கண்டது. அன்று முதல் இம்மலைகளின் தேயிலைத் தொழிற்சாலைகளில் இயந்திரங்கள் தலைமுறை தலைமுறையாகத் திருத்தப்பட்டே ஓடிவந்துள்ளன. உருட்டும் பொறிக்கும் உலர்த்தும் பொறிக்கும் ஓய்ந்த உறுப்பை மாற்றி, அடுத்த நாட் கொழுந்துக்கு அவற்றை ஆயத்தம் செய்த கைகள் தோட்டத் தொழிலாளர் கைகளே.

அக்கைகள் மாலையில் திரும்பிய இடம் லயம். ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான அக்காம்பரா அவர்களுக்குச் சொந்தமானதன்று. கூரைத் தகடு துருவேறி ஒழுகினாலும், சுவர் வெடித்தாலும், அதனை மாற்றிக் கட்டுவதற்குத் தோட்ட நிருவாகத்தின் அனுமதியை எதிர்பார்த்திருத்தலே நெடுங்கால வழக்கம். 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையானபோதும், 1992இல் நிருவாகம் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டபோதும் நிருவாகம் மாறியதேயன்றி லயத்தில் வாழ்ந்தோரின் உரிமையின்மை மாறவில்லை. தனிவீட்டுத் திட்டங்கள் பிற்காலத்தில் தொடங்கப்பட்டன. எனினும் லயங்களில் வாழ்வோர் இன்றும் பலர். பிறருடைய இயந்திரத்தைத் திருத்தும் அறிவு படைத்தவனுக்குத் தன் தலைமேலுள்ள கூரையைத் திருத்தும் உரிமை இல்லாதிருத்தல், இக்கட்டுரை எடுத்துக்கொண்ட வினாவின் மிகக் கூர்மையான வடிவமாகும்.

இதற்கு அடியில் உள்ள மனப்பாங்கு ஒன்றே. பொறியின் உறுப்பு தேய்ந்தால் மாற்றலாம்; அது குற்றமன்று, ஏனெனில் உறுப்பு முழுமையின் பொருட்டே உள்ளது. மனிதனையும் அவ்வாறே உதிரிப்பாகமாக எண்ணும்போதுதான் கொடுமை தொடங்குகின்றது. 1940 சனவரியில் இதே ஹேவாஹெட்டப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கோரிய வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். முனகலைக் கேட்டுக் காரணத்தை ஆராய்வதற்கு மாறாக, முனகுபவனை அகற்றிவிடும் அதிகாரத்தின் இயல்பை அந்நிகழ்வு காட்டிநிற்கின்றது. கொள்ளளவிக்கு மாற்றீடு உண்டு. கோவிந்தனுக்கு இல்லை. உறுப்பை மாற்றி முழுமையைக் காப்பது பொறிக்குரிய நெறி. சமுதாயத்தில் ஒவ்வோர் 'உறுப்பும்' தானே ஒரு முழுமை என்பதை மறவாதிருத்தல் மனிதருக்குரிய நெறி.

ஆகவே, கழிப்பதா திருத்துவதா என்ற வினாவுக்கு எக்காலத்துக்கும் எவ்விடத்துக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. பழைய சுற்றோட்டப் பம்பியை ஓய்வுபெறச் செய்தல் குளிர்நாட்டில் நேர்மையான முடிவாக இருக்கலாம். மலைச்சரிவு வீட்டில் நீரிறைக்கும் பம்பியைத் திருத்துதலே நேர்மையான முடிவாக இருக்கலாம். எவ்விடத்தும் மாறாத கடமை ஒன்றுண்டு: தீர்ப்புக் கூறுமுன் காரணத்தை அறிதல். ஆராயாமற் கழிப்பதும் ஆராயாமல் ஒட்டுப்போடுவதும் ஒரே அலட்சியத்தின் இரு முகங்களே.

ஹேவாஹெட்ட வீட்டில் மின்னைத் துண்டித்து, உறையைத் திறந்து, தளர்ந்த உறுப்பை அகற்றி, அதே அளவான புதியதை இட்டு மூடியாகிவிட்டது. ஆளியைப் போட்டதும் முனகல் ஓசையாக மாறுகின்றது. பள்ளத்து நீர் மேலேறுகின்றது. செலவான பணம் சிறிது. காப்பாற்றப்பட்ட பொருள் பெரிது. ஆயினும் அவ்வீட்டுச் சிறுவர் அருகிருந்து கண்டது இவ்விரண்டினும் பெரிது. ஓடாத ஒன்றைப் பழித்து எறியுமுன் அதன் மூடியைத் திறந்து பார்த்தல் வேண்டும் என்பதை அவர்கள் கண்டனர். பிற்காலத்தில் மனிதர்மீது தீர்ப்புக் கூறவேண்டிய இடங்களில் அவர்கள் அமர நேரின், அக்காட்சி நினைவுக்கு வருதல் நன்று.